இருபத்துமூன்று அங்குலப் பெட்டி

14.3.66

சாரதா அப்பாவுக்கு,

நல்ல தூக்கம், அதனால் எழுப்பவில்லை. இட்டிலி மூடியிருக்கிறது. பசியாறிவிட்டு இதைப் படியுங்கள். எழுத்தைப் பெரிதாகவே எழுதியிருக்கிறேன்.

பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று கடைக்காரர் விட்டுப்போன புது டெலிவிஷனை மூன்று சாயங்காலமாகப் பார்த்துவிட்டேன். நம் பழைய பதினாலு அங்குலப் பெட்டியைவிடப் படம் பெரிது. சத்தம் தெளிவு. திரைக்கு மரக்கதவு இருப்பதால் தூசி படியாது. குறை ஒன்றும் இல்லை.

ஆனால் நேற்று, "என்னா, இதுலயும் மூஞ்சி கலங்கலாத்தான் தெரியுது" என்றீர்கள். அடுக்களை வாசலில் நின்ற சாரதா, திரையில் வந்த பெயரை அங்கிருந்தே வாசித்தாள். நான் உங்களைப் பார்த்தேன். "ஒனக்கு டெலிவிஷனப் பத்தி என்னா தெரியும்?" என்று பாய்ந்தீர்கள்.

ஒன்றும் தெரியாதுதான். நீங்கள் ஓட்டும் பத்து பெரெண்டாம் ஊர் பஸ்ஸில் தினமும் நாற்பது பேர் உங்களை நம்பி ஏறுகிறார்கள் என்பது தெரியும்.

பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லப் போகிறேன். நாலு மணிக்கு ஆள் வரும். அதற்கு முன், காஜா பெராங் முச்சந்தியில் இருக்கும் கண் டாக்டரிடம் நம்பர் எடுத்து வைக்கிறேன். பத்து மணிக்கு அங்கே வந்துவிடுங்கள். சாரதா பள்ளி விட்டு வருவாள், சாவியைப் பக்கத்து வீட்டு மஜீதாவிடம் கொடுங்கள்.

கோபம் இருந்தால் டாக்டரைப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சிவகாமி

பி.கு.: போகிற வழியில் பஸ் டிப்போவில் உங்களுக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லிவிடுவேன். கண்ணைப் பற்றி மூச்சு விடமாட்டேன். யாராவது எதிரே வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.