மறந்துபோன ஒட்டுப்பொருள்

மார்ச் 3
கணவர் இறந்தபின் இன்றுதான் மறுபடி ஆய்வகம். "நீங்க ரொம்ப உறுதிங்க" என்றார் மேலாளர். நான் இன்னும் அழவில்லை. அதற்குப் பெயர் உறுதியாம்.

மார்ச் 5
நைலானில் ரப்பர் கலந்து துண்டுகள் வார்த்தேன். வெறும் நைலான் இழுத்தால் தாங்கும். சின்னக் கீறல் இருந்து, அதில் ஓர் அடி விழுந்தால் போச்சு. ரப்பர் துளிகள் உள்ளே இருந்தால் அடியை வாங்கிக்கொள்ளும்.

வீட்டில் மாமியாரும் நானும் டிவி பார்த்தோம். எங்கள் பேச்செல்லாம் எப்போதும் என் கணவர் வழியாகத்தான். "அம்மா, அவ டீ கேக்கறா." "ஏய், அம்மாவுக்குக் கால் வலியாம்."

மார்ச் 9
சுத்தியல் சோதனை: ஊசல் போல ஆடிவரும் சுத்தியலால் துண்டை அடித்துப் பார்ப்பது. எல்லாத் துண்டுகளும் பிஸ்கட் மாதிரி உடைந்தன. வெறும் நைலானே தேவலை.

மார்ச் 10
உடைந்த பரப்பை நுண்ணோக்கியில் பார்த்தோம். ரப்பர் பெரிய பெரிய உருண்டைகளாகத் தனியே நிற்கிறது. பாதி கழன்று விழுந்து வெறும் குழிகள்.

"ஒட்டுப்பொருள் போட்டீங்களா?" என்றார் மேலாளர். இரண்டையும் பிடித்துச் சேர்த்துவைக்கும் மூன்றாவது பொருள் அது. அதை எடை போட்டு வைத்த கிண்ணம் தராசு பக்கத்திலேயே இருந்தது, அப்படியே.

"இத்தனை வருஷம் இதே வேலை, எப்படிங்க மறந்தீங்க?"

கிண்ணத்தை எடுத்து மூடிவைத்தேன்.

மார்ச் 11
அத்தை வரும் ஞாயிற்றுக்கிழமை தன் மகள் வீட்டோடு இருக்கப் போய்விடுகிறாராம். நாத்தனார்தான் போனில் சொன்னாள். "சரி" என்றேன்.

போகட்டுமே, எனக்கென்ன? — இல்லை. போகக் கூடாது. ஆனால் யார் சொல்வது? சொல்கிறவர்தான் இல்லையே.

மார்ச் 15
அத்தையின் பை வாசலில் இருந்தது. "அடுப்ப அணைச்சியான்னு பாத்துக்கோ. இத்தன நாளும் அவன்தான் பாத்துக்கிட்டான்" என்றார் அத்தை, சுவரைப் பார்த்து.

எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "எல்லாத்தையும் அவரேதான் பாக்கணும்னா அப்புறம் நாம எதுக்கு? போகாதீங்க அத்தை. எனக்கு நீங்க வேணும்."

"நீ எங்கிட்ட நேரா எதையுமே கேட்டதில்லையேடி" என்று உட்கார்ந்து அழுதார். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. பையை உள்ளே வைத்தேன்.

மார்ச் 20
ஒட்டுப்பொருள் சேர்த்த புதுத் துண்டுகள். சுத்தியல் வேகம் செத்து நின்றுவிட்டது. துண்டு உடையவில்லை, வளைந்து, வளைந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்க மட்டும் ஏன் வெளுத்திருக்கு?"

"அங்கதான் அடி பட்டுச்சு அத்தை."

விரலால் அந்த இடத்தைத் தடவினார். "வலிச்சிருக்கும்" என்றார்.

பிளாஸ்டிக்குக்கு வலிக்குமா என்று சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை.