பர்வீன் அக்காவும் என் காதும்

செவ்வாய், இரவு.

பர்வீன் அக்கா போட்ட ஷிப்ட் பட்டியலை நான் போட்டதாக மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அதிலிருந்து பத்து நாளாக அக்கா என்னோடு பேசவில்லை. தி.நகர் ஜவுளிக்கடையில் எங்கள் இருவருக்கும் ஒரே மேஜை.

ஞாயிற்றுக்கிழமை எம்.பி.ஏ. வகுப்பில் சொன்னார்கள்: கோபமாக இருப்பவர் பேசுவதைக் கவனமாகக் கேட்டு, அதையே திருப்பிச் சொன்னால் கோபம் தணியுமாம். இன்று, "மனசுல இருக்கறத சொல்லுங்கக்கா" என்றேன்.

"நீ பண்ணது எனக்குப் புடிக்கல."

"நான் பண்ணது உங்களுக்குப் புடிக்கல."

"எவ்ளோ கஷ்டமா இருந்துச்சு தெரியுமா?"

"உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

அக்கா உற்றுப் பார்த்தார். "இன்னாடி, காது சரியா கேக்கலையா?"

பாடத்தை நம்பி, "காது சரியா கேக்கலையான்னு கேக்கறீங்க" என்றேன்.

அவர் முகமே மாறிவிட்டது. "அய்யோ அல்லா! இத்த வெச்சுக்கினா இத்தினி நாளா வேலை பாத்த?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நாளைக் காலை அடையாறில் காது டாக்டரைப் பார்க்க நேரமும் வாங்கிவிட்டார். கூடவே வருகிறாராம்.

உண்மையைச் சொல்ல நாலு தடவை வாய் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் என் காதருகே வந்து, "மெதுவா சொல்லும்மா, அவசரமில்ல!" என்று கத்தினார்.

நான் இன்னும் மன்னிப்பே கேட்கவில்லை. என் காதில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்வதற்குள், ஆட்டோவிலேயே கேட்டுவிட வேண்டும்.