பந்தியில் நின்ற கை

அன்பு மகன் அலி அஸ்கருக்கு வாப்பா எழுதுவது. உன்மேல் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். அல்லாஹ் கிருபையால் நானும் உம்மாவும் சுகம், உன் தொண்டை தேறியிருக்கும் என்று நம்புகிறோம். இங்கே மழை விட்டு வெயில் கொளுத்துகிறது, உம்மாவுக்கு விரல் வலி, சொன்னால் கேட்காமல் பீடிச் சுளகை மடியில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. உன் பாட்டில் திரும்பத் திரும்ப வருகிற அந்த இரண்டு வரி போதும், நடுவில் மூச்சுவிடாமல் நீ பாடுகிற உம்மாவின் பீடிக் கதையை வெட்டு, வார்த்தை ஜாஸ்தி, ஜனத்துக்கு ஏறாது, விற்காது என்கிறானாமே அந்தப் பாட்டுக் கம்பெனிக்காரன்? வெட்டினால்தான் வெளியிடுவானாம். அவன் யார் ஜனத்தைப் பற்றி எனக்குச் சொல்ல? ஊர் ஊராக மைக்செட் கட்டுகிறவன் நான்.

போன வாரம் நாங்குநேரியில் திருஞானசம்பந்தம் அண்ணாச்சி மகள் கல்யாணம், நம்ம செட்டுதான். பந்தி நேரத்தில் எந்தப் பாட்டு போடணும் என்று தெரிந்தவன்தான், ஆனாலும் பெத்தவன் ஆசை, நீ அனுப்பியதைப் போட்டுவிட்டேன். முதலில் ஒருத்தரும் நிமிரவில்லை. பீடி இலையைக் கத்தரி நறுக்குகிற அடி வந்ததும் ஒவ்வொருவராய்ச் சோற்றில் கையை வைத்தபடி ஸ்பீக்கரையே பார்க்கிறார்கள், சாம்பார் வாளியோடு வந்தவனும் நின்றுவிட்டான், அடுத்த பந்திக்காரர்களோ நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடித்து நிற்கிறார்கள். அண்ணாச்சி வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்து, "மீரான், பாட்டை மாத்தும் வே, ஆளு திங்காம கேட்டுக்கிட்டு இருக்கு, பந்தி நகரமாட்டேங்கு" என்றார். சொன்னதோடு விடாமல் அவரே நிறுத்தியும் விட்டார். பிறகு ஏதோ ஒரு டண்டணக்கா பாட்டு ஓடியது, கையெல்லாம் வாய்க்குப் போனது, அதை ஒரு குஞ்சும் கேட்கவில்லை. வீடு வந்து சேரும்வரை வயிறெரிந்தது.

மட்டமான பாட்டென்று நிறுத்தியிருந்தால்கூட ஆறிப்போயிருப்பேன். ஜனம் கேட்டதென்று அல்லவா நிறுத்தினார்! கடையில் உன் பாட்டைப் போடச் சொன்னால் வண்ணார்பேட்டை ஜவுளிக்கடைக்காரரும், சேலை எடுக்க வந்தவள் பாட்டைக் கேட்டு நின்றால் யாபாரம் என்னாகும் என்று என்னிடமே கேட்கிறார். எல்லாருக்கும் வேலையைக் கெடுக்காத பாட்டுதான் வேணும். அதனால் விற்காது என்று அந்தக் கம்பெனிக்காரன் சொல்வது நிஜம்தான், அந்த நிஜத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்கே மூன்றாம் தடவைதான் முழுசாக விளங்கியது. மூன்று தடவை கேட்க இன்றைக்கு எவனுக்குப் பொறுமை இருக்கிறது, சொல்.

என்ன செய்ய வாப்பா என்று கேட்டாய். வெட்டாதே. கை நிற்காத பாட்டு நம்ம கடையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, வேணுமென்றால் அந்தக் கம்பெனிக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போகட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. உனக்காக உம்மா தொழுகைக்குத் தொழுகை துஆ செய்கிறாள், உன் குரல் நீடிக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. நேற்று அசர் தொழுதுவிட்டு வந்து உம்மாவுக்கு அந்தப் பாட்டை முழுசாகப் போட்டேன். காய்ச்சலிலும் பீடி சுற்றுகிற கை, நின்றுவிட்டது.

இப்படிக்கு
உன் வாப்பா
அகமது மீரான்