தேனீக்கள் வீடு பார்த்த நாள்

தை, புதன்கிழமை.

எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க அப்பா, அத்தை, மாமா எல்லோரும் எருமப்பட்டிக்குப் போனார்கள். கல்யாணப் பெண் போகிற வழக்கம் இல்லை. நான் வீட்டில் இருந்தேன்.

முருங்கை மரத்தில் நேற்று வந்த தேனீக்கூட்டம் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சில தேனீக்கள் மட்டும் மோட்டார் ரூம் சுவரின் பொந்துக்குள் நுழைந்து பார்த்துவிட்டுத் திரும்பின. பிறகு வேறு சில போய்ப் பார்த்தன. மத்தியானம் மொத்தக் கூட்டமும் எழும்பி அதற்குள் குடிபுகுந்தது.

சாயங்காலம் அத்தை வந்து, "ஊடு எல்லாத்துக்கும் புடிச்சுப்போச்சு சாமி. லாரியே திரும்பலாம், அத்தாச்சோட்டுப் பெரிய வாசல்" என்றார்.

"நான் படுக்கற ரூமுக்கு ஜன்னல் இருக்குதுங்களா அத்தை?"

அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா அப்பாவைப் பார்த்தார்.

"அந்த ரூமுக்குள்ள யாரும் போகல சாமி" என்றார் அப்பா.

கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.