வெளிக்குப் போனதாக எழுதிய சீட்டு

வடக்குப்பட்டு

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், குவைத்தில் நீயும் சுகமாக இருக்க வல்லக்கோட்டை முருகன் துணையிருக்கட்டும். ஏன் வேலைக்குப் போகவில்லை என்று போனில் கேட்டாய். வாயால் சொன்னால் ஆத்திரத்தில் வார்த்தை தடுமாறுகிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் மாடி ரூமில் குடியிருக்கும் தூத்துக்குடிப் பெண் சந்திரலேகாவுக்கு நான் ஆயாவாக இருந்த நர்சிங் ஹோமிலேயே ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த பிள்ளை ஒரு நாளுக்குள் கறுப்பாக வெளிக்குப் போக வேண்டும் என்று நர்ஸுக்குப் படிக்கும்போது நீதானே எனக்குச் சொன்னாய். இரண்டு நாள் ஆகியும் துணியில் மூத்திரம் தவிர ஒன்றுமில்லை, வயிறு உப்பி மினுமினுக்கிறது. நர்ஸிடம் சொன்னேன், டாக்டரிடமும் சொன்னேன். "வயித்துல கேஸ்தான், தாய்க்குப் பால் குடுக்கத் தெரியல, நீ துணி அலசுற வேலைய பாரு" என்றார். அந்தப் பெண்ணோ "எம் பால்ல என்ன கொறைன்னு தெரியலயேக்கா" என்று அழுகிறாள். மூன்றாம் நாள் காலை பிள்ளை பச்சையாக வாந்தி எடுத்தான், அப்போதும் டிஸ்சார்ஜ் சீட்டில் மலம் கழித்தது என்று எழுதிக் கொடுக்கிறார்கள். யார் பார்த்தது? துணி மாற்றியவள் நான்.

பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. அவள் புருஷன் சக்திகுமாரை ஷிப்டிலிருந்து வரவழைத்து, வேன் பிடித்து, சென்னையில் பெரிய குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா முதலில் கேட்டதே பிள்ளை எப்போது வெளிக்குப் போனான் என்றுதான். எக்ஸ்ரே எடுத்து, ஆசனவாய்க்குள்ளிருந்து துளி சதை எடுத்துச் சோதித்துவிட்டு, குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு அணுக்களே உருவாகவில்லை, பிறவிக் கோளாறு, அதனால்தான் மலம் நகரவில்லை, தாய்மேல் ஒரு தப்பும் இல்லை என்றார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் குடல் கிழிந்திருக்குமாம். இப்போது மலம் வெளியேற வயிற்றில் வழி திறந்து விட்டிருக்கிறார்கள், பின்னால் இன்னொரு ஆபரேஷன் உண்டு. பிள்ளை பால் குடிக்கிறான்.

சக்திகுமார் நர்சிங் ஹோமுக்கு நியாயம் கேட்கப் போனதும் மானேஜர் ரகுபதி என்னைக் கூப்பிட்டு, மலம் பட்ட துணியை நானே அலசினதாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். "இன்னாம்மா, பத்து வருஷமா இங்க இருந்துகினு இதுகூட செய்ய மாட்டியா" என்கிறார். மாட்டேன் என்றேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார். அப்பாவுக்கு வருத்தம்தான். ஆனாலும் சக்திகுமார் எழுதிய புகாரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே, நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு. ஒன்று மட்டும் மறக்காதே, நீயும் வார்டில் சீட்டு எழுதுகிறவள். துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
கனகம்