அனுமதி கேட்காதவளுக்கு

மகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைக் கழுவ எடுத்தேன். காலையில் நிரப்பிக் கொடுத்தது அப்படியே கனத்தது. "ஏங் கண்ணு குடிக்கல?" என்றேன். "குடிச்சா பாத்ரூம் வருமுங்கம்மா. அடிக்கடி கேட்டா மிஸ்ஸு வைவாங்க" என்றாள். நாளை போய் அந்த மிஸ்ஸிடம் பேசுவேன். இன்று உன்னிடம் பேச வேண்டும்.

எட்டாம் வகுப்பில் நீ வந்து சேர்ந்தாய். பனியன் கம்பெனி வேலைக்காக உன் குடும்பம் தென்காசிப் பக்கத்திலிருந்து எங்கள் ஊர் மங்கலத்துக்கு வந்திருந்தது. பெஞ்சில் என் பக்கத்து இடம் உனக்கு. நீ "ஏட்டி" என்று கூப்பிட்டால் வகுப்பே சிரிக்கும். நீயும் சேர்ந்து சிரிப்பாய். நான் கிளாஸ் லீடர். டீச்சர் இல்லாதபோது எழுந்தவர்களின் பெயரைப் போர்டில் எழுதுவது என் வேலை. கேட்காமல் அசையக் கூடாது என்கிற, எந்தப் புத்தகத்திலும் இல்லாத அந்தப் பாடத்தைத்தான் நாம் நன்றாகப் படித்தோம்.

அன்று டீச்சர் மீட்டிங்குக்குப் போயிருந்தார்.

"ஏட்டி, அவசரமா வருது. ஓடிப் போயிட்டு வந்துருதேன்."

"உக்காரு புள்ள. டீச்சரு வந்தா என்னையத்தான் வைவாங்க."

மறுபடியும் கேட்டாய். சாக்பீஸை எடுத்துக் காட்டினேன். உட்கார்ந்துவிட்டாய்.

சற்று நேரத்தில் பெஞ்சுக்கடியில் ஈரம் பரவியது. டீச்சர் வந்ததும் நடந்ததை நானே சொன்னேன். "வயசுக்கு வந்த புள்ளைக்கு அடக்கத் தெரிய வேண்டாமா?" என்று உன்னைக் கேட்டார். பிறகு வகுப்பைப் பார்த்து, "லீடருன்னா இவளாட்ட இருக்கோணும்" என்றார். போர்டு துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியால் நீ தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை எழுத இப்போது கை கூசுகிறது.

அதற்குப் பிறகு நீ யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. பள்ளி முடித்து இருவரும் ஒரே கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றோம், துணியில் ஓட்டையும் கறையும் தேடிக்கொண்டு. மதியச் சோற்றோடு ஒரு வாய் தண்ணீர், அவ்வளவுதான் உனக்கு. "சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டுப் போயிட்டு வா புள்ள" என்பேன். "பழகிட்டு, ஏட்டி" என்பாய். அடிவயிற்று வலியையும் விட்டு விட்டு வந்த காய்ச்சலையும் அப்படியே பழகிக்கொண்டாய். பத்தொன்பது வயதில், நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்தாய்.

கிருமி சிறுநீரகத்திலிருந்து ரத்தத்துக்கும் போய்விட்டது என்றார் டாக்டர். "கம்பெனியில பாத்ரூமுக்கு விடமாட்டாங்களாம்மா?" என்று உன்னைக் கேட்டார்.

"விடுவாவ டாக்டர். நாந்தான் கேக்கல."

சொல்லும்போது நீ என்னைப் பார்க்கவில்லை. நான்காம் நாள் போய்விட்டாய்.

உன் அம்மா இன்னும் நீங்கள் குடிவந்த அதே லைன் வீட்டில்தான் இருக்கிறார். மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். அங்கே யார் வந்தாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பள்ளிக்கூடத்துல எம் பிள்ளயப் பாத்துக்கிட்டவ இவதான்" என்று சொல்வார். ஒவ்வொரு முறையும் நடந்ததைச் சொல்லிவிட வாயெடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டிவிட்டு வருகிறேன்.