ஒரு சாண் இரை

செல்ல வாலுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் மாமா மூவரும் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். முதலில் ஓர் அவமானத்தைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். போன மாதம் ஏரிக்கரையில் கையில் மீனோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படம் அனுப்பினேனே, நீயும் ஆபீஸ் முழுக்கக் காட்டினாயே, அது நான் பிடித்த மீன் இல்லையம்மா. சந்தையில் வாங்கிய இரை.

ஆறு வருஷமாக நான் பொடிமீனைக் கோத்துப் போட்டுப் பொடிமீனையே பிடித்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். உன் மாமா தையல்காரர் இல்லையா, மனுஷனையே அளவாகத்தான் பார்ப்பார். பெரிய விரால் சோம்பேறி மச்சான், ஒரு கடலைக்காக எழுந்து வருமா, பந்தியில் ஒரே ஒரு பருக்கை வைத்தால் நீங்களே உட்காரமாட்டீர்களே என்றார். ரோஷம் வந்து முழ நீளத்தில் ஒரு மீன் வாங்கிக் கோத்தேன், படத்தில் என் கையில் இருப்பது அதுதான். விரால் வந்தது, வாலை மட்டும் கடித்துக்கொண்டு போயே போய்விட்டது, இரையின் தலையில் குத்தியிருந்த தூண்டில் முள் அப்படியே திரும்பி வந்தது. அன்றைக்கு மிச்ச இரைப் பொட்டலத்தை ஃப்ரீசரில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் வைத்தேனா, அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். இந்த ஞாயிற்றுக்கிழமை உருப்படியாக ஒரு மீன் வீட்டுக்கு வரவேண்டும், இல்லையென்றால் தூண்டில் அத்தனையும் பழைய இரும்புக் கடைக்கு, இது சத்தியம் என்றாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் சொல்லிச் செய்யாதது எது? நேராக மாமாவிடம் போய் நின்றேன்.

மாமா டேப்பை எடுத்தார். சட்டை உடம்புக்குத் தகுந்த மாதிரி, இரை வாய்க்குத் தகுந்த மாதிரி என்று சொல்லி, சாண் நீள மீனாகப் பொறுக்கி, முள்ளை முதுகில் குத்தினார். ஞாயிறு காலை சாட்சிக்கு அம்மாவும் குடையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மணி நேரம் தக்கை அசையவில்லை, இரும்புக் கடை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று வேறு அவள் மாமாவிடம் விசாரிக்கிறாள். திடீரென்று தக்கையைக் காணோம்! இழுக்காதீங்க, விழுங்கட்டும் விழுங்கட்டும் என்று மாமா குதிக்கிறார், அம்மா குடையை எறிந்துவிட்டு என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, விட்டீங்கன்னா நீங்களும் வீட்டுக்கு வரவேண்டாம் என்று கத்துகிறாள். கரையேறியதை டேப் வைத்து அளந்தோம், இருபத்தெட்டு அங்குலம்! வீட்டுக்கு நேர் வழியில் வந்தால் பத்து நிமிஷம், நாங்கள் மீனைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு சுற்றி ஒரு மணி நேரத்தில் வந்தோம். மருந்துக் கடையில் ஒரு நோயும் இல்லாமல் நின்று பேசினேன். தூண்டில்கள் இப்போது ஹாலில், அம்மாவே துடைத்து வைத்திருக்கிறாள்.

ஆகவே மகளே, எதற்கும் அளவு தெரியவேண்டும், இரை சாண் நீளம் இருந்தால்தான் பெரிய மீன் திரும்பிப் பார்க்கும். இதை நான் சொன்னதாக நாலு பேருக்குச் சொல். மனசு நிறைந்து வாழ்த்துகிறேன், எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும். பல் டாக்டரிடம் போகாமல் தள்ளிப் போடாதே.

என்றும் உன்,
அப்பா

பி.கு: விராலை அம்மா அறுத்தபோது வயிற்றில் பதினாறு மீன்கள் இருந்தன. அத்தனையும் பொடிமீன், ஒன்றுகூடச் சுண்டுவிரல் நீளம் இல்லை.